படம் பொருந்தினால் போதுமா?

பாலாற்றங்கரை மக்களுக்குத் தோல் வாழ்வளிக்கும் தொழில். வேலூர் மருத்துவமனையோ நோயுற்றபோது நினைவுக்கு வரும் முதற்பெயர். 1900ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைக் கட்டிலுடன் தொடங்கிய மருந்தகமே இன்று கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாய் ஓங்கி நிற்கிறது. அங்குக் கதிரியல் துறையை வளர்த்தவர் அவர்தம் சகோதரர் மகளார் ஐடா பி. ஸ்கடர். அத்துறையின் நுண்பணி ஒன்றைத் தமிழ் பயில்வோர் ஏன் எண்ணிப் பார்த்தல் வேண்டும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதுமையில் ஆடவரைத் தாக்கும் நோய்களுள் ஒன்று புராஸ்டேட் புற்றுநோய். அச்சுரப்பி சிறுநீர்ப்பைக்குக் கீழும் மலக்குடலுக்கு முன்னும் அமைந்துள்ளது. கதிர் சில மில்லிமீட்டர் விலகினும் நோய் தப்பும். நலமுள்ள குடல் புண்படும். ஆதலின் சிகிச்சைக்கு முன் இருவகைப் படங்கள் எடுக்கப்படுகின்றன. சி.டி. ஸ்கேன், உடல் கதிரை எவ்வளவு ஈர்க்கும் என்று கணக்கிட உதவும். ஆனால் சுரப்பியின் விளிம்பை மங்கலாகவே காட்டும். அதைக்கொண்டு மட்டும் வரைந்தால் சுரப்பி ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு பெரிதாகிவிடுதல் உண்டு. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் விளிம்பைத் தெளிவாகக் காட்டும்; ஆனால் கதிர் ஈர்ப்பின் அளவை நேரடியாகத் தராது. எனவே ஒன்றன்மேல் ஒன்றை வைத்துக் கணிப்பொறியில் இணைக்கின்றனர். இதனைப் படப் பொருத்தம் எனலாம்.

இடுப்பெலும்பு பொருந்திவிட்டால் எல்லாம் பொருந்திவிட்டதெனக் கருதுவது தவறு. ஆம்பூர் ஷூ கம்பெனியில் அப்பர் வெட்டுவோர் இதனை நன்கறிவர். முதுகுப் பகுதித் தோல் எளிதில் இழுபடாது. வயிற்றுப் பகுதித் தோல் இழுபடும். அச்சின் அளவு சரியாயிருப்பினும், தோலின் இழுவையறியாது வெட்டினால் ஷூ வடிவிழக்கும். உடலும் அத்தகையதே. சிறுநீர்ப்பை நிறைந்தாலோ, மலக்குடலில் காற்றுச் சேர்ந்தாலோ, எலும்பு அசையாதிருக்கச் சுரப்பி மட்டும் நகரும். இதனாலேயே சுரப்பியினுள் சிறு தங்க மணிகளைப் பதித்து அவற்றை அடையாளமாகக் கொள்ளும் வழக்கம் தோன்றியது. படத்தையே வளைத்துப் பொருத்தவல்ல மென்பொருள்களும் உண்டு. எனினும் அவற்றின் விளைவை மனிதர் சரிபார்த்தல் இன்றியமையாதது என்று அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கத்தின் 132ஆம் பணிக்குழு 2017ஆம் ஆண்டில் வலியுறுத்தியது.

நாள்தோறும் படமெடுத்துத்தானே கதிர் செலுத்துகிறார்கள், பிழை திருந்திவிடாதா என வினவலாம். நோயாளி படுத்திருக்கும் மேசையை நகர்த்தி இடத்தைத் திருத்தலாம். திட்டத்தில் தவறாக வரைந்த எல்லைக்கோடு அதனால் திருந்தாது. 2016இல் வெளிவந்த இங்கிலாந்து ஆய்வு ஒன்றன்பின், 60 கிரே கதிரை 20 வேளைகளில் அளிக்கும் முறை பரவியுள்ளது. தொடக்கப் பிழை அந்த 20 வேளையும் உடன்வரும்.

ஆகவே பொருத்தம் கணிப்பொறியில் தொடங்குவதன்று. நோயாளியின் காதில் தொடங்குகிறது. எவ்வளவு நீர் அருந்துவது, எந்நேரம் அருந்துவது, மலங்கழித்து வருவதேன் என்பனவற்றை அவர் உணர்ந்தாலன்றி இரு படங்களும் ஒத்துவாரா. டேனரியில் வாழ்நாளெல்லாம் உழைத்த பெரியவரிடம் பாதி ஆங்கிலத்தில் விரைந்து கூறினால் அவர் மரியாதைக்காகத் தலையசைப்பார், விளங்கியிராது. அடிக்கடி சிறுநீர் வருமென அஞ்சித் தண்ணீரைக் குறைப்போரும் உளர். நாணத்தால் அதை மறைப்போரும் உளர். ரமலான் மாதத்தில் சிகிச்சை அமைந்தால் நீர் அருந்துதல் பற்றிய கேள்வியும் எழும். நோயுற்றோர்க்கு நோன்பில் மார்க்கம் சலுகை வழங்கியுள்ளது என்பதை மருத்துவரும் ஆலிமும் முன்கூட்டியே எடுத்துரைத்தல் நலம்.

மருத்துவத்தின் நான்கு கூறுகளைச் சொல்லுமிடத்து நோயாளியையும், உடனிருந்து பேணுவோரையும் மருத்துவரோடு சேர்த்தெண்ணினார் வள்ளுவர். அவ்விருவருக்கும் உரிய மொழியில் பேசாத மருத்துவம் இருகூறு குறைந்த மருத்துவமே. நம் பகுதிக் கல்லூரிகளின் தமிழ்த்துறையும் உருதுத்துறையும் இணைந்து, மருத்துவர்தம் மேற்பார்வையில் எளிய ஒருபக்கக் குறிப்பும், எழுத்தறியார்க்கு ஒலிப்பதிவும் ஆக்கித் தருதல் வேண்டும். கூறியதை நோயாளியே திருப்பிச் சொல்லக் கேட்கும் வழக்கமும் வேரூன்ற வேண்டும். அதற்கு ஐந்து நிமிடம் செலவாகும். அந்த ஐந்து நிமிடம் ஒரு முதியவரின் எஞ்சிய ஆண்டுகளைக் காக்கும். சொல்லைத் துல்லியமாக ஆளப் பயின்றோர் செய்தற்குரிய தொண்டு இதுவன்றோ!