கூத்து உடுப்பும் கூலிக் கணக்கும்



உங்கள் வீட்டுக்கு யாராவது படிவத்தோடு வந்து, "என்ன தொழில் செய்கிறீர்கள்?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? நம்மில் பலர் "தொழில் ஒன்றும் இல்லை, வீட்டில்தான்" என்றே சொல்கிறோம். 2014ஆம் ஆண்டு மண்டூரில் ஓர் அக்காவும் என்னிடம் அப்படித்தான் சொன்னார். நானும் "தொழில் இல்லை" என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன். அப்போது நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பெண்கள் வீட்டில் செய்யும் வேலை யாருடைய கணக்கிலும் வருவதில்லை என்று சமூகவியல் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். அந்தக் கணக்கில் அவரை விட்டவளும் நானேதான்.

சில மாதங்கள் கழித்து மறுபடியும் அந்த வீட்டுக்குப் போனேன். விறாந்தை முழுவதும் பிரம்பு வளையங்கள், சிவப்பும் பச்சையுமாகச் சாட்டின் துணி, சரிகைப் பட்டி, ஒரு சுளகு நிறையக் கண்ணாடித் துண்டுகள். ஊரில் வடமோடிக் கூத்து ஒன்று பழகிக்கொண்டிருந்தார்கள். அதில் வரும் ஐந்து அரசர்களுக்கும் உடுப்புத் தைக்கும் பொறுப்பு அக்காவுடையது.

"இதைச் சொல்லவே இல்லையே அக்கா?" என்று கேட்டேன்.

"இது என்ன தொழில் மிஸ்? ஊர் வேலைதானே" என்றார்.

மட்டக்களப்பில் பிறந்த நமக்குக் கூத்து புதிதல்ல. வடமோடியில் பெரும்பாலும் இராமாயண, பாரதக் கதைகள் வரும். அரசர்களின் உடுப்பும் பாரமாக இருக்கும். தென்மோடிக்கு உடுப்பு இலேசானது. வடமோடி அரசன் இடுப்பில் கட்டுவதைக் கரப்புடுப்பு என்கிறோம். கோழியைக் கவிழ்த்து மூடும் கரப்பைப் போல மேலே ஒடுங்கிக் கீழே விரிந்திருப்பதால் வந்த பெயர். உள்ளே வளையங்கள், வெளியே அடுக்கடுக்காகச் சுருக்கு வைத்த துணி. ஆட்டக்காரன் சுழன்று ஆடும்போது உடுப்பும் விரிந்து சுழல வேண்டும். விடியும்வரை ஆடினாலும் அவிழக் கூடாது.

அக்காவின் கணவரும் கூத்தாடியவர். 2007இல் படுவான்கரைச் சனங்கள் இடம்பெயர்ந்து வாவியைக் கடந்தபோது பிள்ளைகளையும் ஒரு பையையும் மட்டும்தான் அக்காவால் தூக்க முடிந்தது. கணவர் திரும்பி வரவில்லை. ஊருக்குத் திரும்பியபோது பெட்டியில் இருந்த கூத்து உடுப்பைக் கறையான் தின்றிருந்தது. மிஞ்சியது கோழிக்கூட்டுக்குப் பின்னால் கிடந்த ஒரு பிரம்பு வளையம் மட்டுமே. அதை எடுத்துத் துடைத்து வைத்திருந்தார். இன்றும் அதுதான் அவருடைய அளவுகோல். புதிய வளையம் எதை வளைத்தாலும் அதன்மேல் வைத்துப் பார்த்துத்தான் கட்டுவார்.

தைப்பதற்கு முன்

அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தபோதுதான் அதில் எவ்வளவு திட்டம் இருக்கிறது என்பது எனக்குப் புரிந்தது. தையல் தெரிந்த சகோதரிகளுக்கு உதவும் என்பதால் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலில் நாள் கணக்கு. சட்டம் கொடுத்த அன்று யாருக்கு எந்தப் பாத்திரம் என்பது தெரிந்துவிடும். அன்றே அளவு எடுப்பார். ஆனால் அந்த அளவை முழுதாக நம்பமாட்டார். மாதக்கணக்கில் ஆடிப் பழகும் பொடியனின் இடுப்பு மெலிந்துவிடும். அதனால் இடுப்புப் பட்டியில் நாடா வைத்து, இறுக்கவும் இளக்கவும் கூடியதாகத் தைப்பார். அடுக்குப் பார்க்கும் நாளுக்கு முன் பாதி தைத்த உடுப்பைக் கட்டி ஒருமுறை ஆடிக் காட்டச் சொல்வார். அரங்கேற்றத்துக்கு முதல் நாள் ஊசி எடுக்கும் பழக்கம் அவரிடம் இல்லை.

அடுத்தது துணிக் கணக்கு. கீழ் வளையத்தின் குறுக்களவு 3 அடி என்றால் அதன் சுற்றளவு ஏறத்தாழ 9½ அடி. சுருக்கு நன்றாக விழுவதற்கு அதைப்போல இரு மடங்கு நீளம் தேவை. அதாவது 19 அடி, 6 யாருக்குச் சற்றுக் கூட. மேல் வளையங்கள் சிறியவை என்பதால் துணியும் குறையும். ஒவ்வொரு அடுக்கையும் இப்படித் தனித்தனியாகக் கணக்குப் பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போவார். "எதற்கும் இருக்கட்டும்" என்று இரண்டு யார் கூட வாங்கினால் அந்தக் காசு மூலையில்தான் கிடக்கும்.

மூன்றாவது, பின்பக்கம். கூத்து ஆடுவது வட்டக்களரியில். சனம் நாலு பக்கமும் இருக்கும். மேடை நாடக உடுப்பைப் போல முன்பக்கத்தை மட்டும் அழகாக்கிவிட்டுப் பின்பக்கத்தை ஊசியால் குத்திவிட முடியாது. கண்ணாடித் துண்டுகளையும் சுற்றிவரத் தைக்க வேண்டும். அவற்றைப் பசையால் ஒட்டினால் வியர்வையில் கழன்றுவிடும். அதனால் ஒவ்வொன்றையும் நூலால் கட்டித் தைப்பார்.

பிரம்பு கிடைப்பது கடினமானதால் இப்போது மெல்லிய பிளாஸ்டிக் குழாயையும் பயன்படுத்துகிறார். பாடசாலைப் பிள்ளைகளுக்கு அது இலேசாகவும் இருக்கிறது.

கூலி எங்கே?

ஐந்து உடுப்புகளும் அரங்கேற்றத்தில் ஜொலித்தன. ஆனால் நடந்த இன்னொரு விடயம் பலருக்குத் தெரியாது. "கூத்து முடிய காசு தருவோம்" என்ற சொல்லை நம்பி, அக்கா தன் காதுத் தோட்டை ஈடு வைத்துத்தான் சரிகையும் துணியும் வாங்கியிருந்தார். கூத்து முடிந்த பிறகு துணிக்கான காசு வந்தது. கூலி வரவில்லை. ஈட்டு வட்டியையும் அவரே கட்டினார். ஒலிபெருக்கிக்காரருக்கும் விளக்குக்காரருக்கும் அன்றிரவே வாடகை கொடுத்து முடித்தாயிற்று.

"கேட்டிருக்கலாமே அக்கா" என்றேன்.

"காசு கேட்டா சனம் என்ன கதைக்கும் மிஸ்? கூத்தையும் வித்துப்போட்டாள் எண்டுதான் சொல்லும்."

இதற்கு என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை. ஊர் கூடிச் செய்யும் காரியத்தில் எல்லோரும் ஏதோ கொடுக்கத்தான் செய்கிறார்கள். ஆடுகிறவர்களும் கூலிக்கு ஆடுவதில்லை. அந்தப் பண்பைக் கெடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கொடுப்பது வேறு, நம்மிடமிருந்து எடுக்கப்படுவது வேறு அல்லவா?

இரண்டு வருடங்கள் கழித்து அவருக்கு மீண்டும் ஐந்து உடுப்புகள் வந்தன. இந்த முறை நாங்கள் ஒரு கொப்பி வாங்கினோம். ஒவ்வொரு நாளும் எத்தனை மணித்தியாலம் என்று மகள் எழுதினாள். ஓர் உடுப்புக்கு வளையம் கட்ட 3, வெட்ட 2, மெசினில் தைக்க 6, சரிகையும் கண்ணாடியும் கையால் தைக்க 12, கட்டிப் பார்த்துத் திருத்த 3. மொத்தம் 26 மணித்தியாலம். ஐந்து உடுப்புக்கு 130. எட்டு மணித்தியாலத்தை ஒரு நாளாக எடுத்தால் 16 நாளைக்கும் மேல். "பதினாறு நாளா!" என்று முதலில் திகைத்தவர் அக்காதான். வயலில் ஒரு பெண்ணுக்கு அந்தப் பதினாறு நாளுக்கும் என்ன கூலி கிடைக்கும் என்று பெருக்கிப் பார்த்தோம்.

கொப்பியோடு அவர் கூட்டத்துக்குப் போனார். துணிக்கு முற்பணம் கேட்டார், கணக்கையும் காட்டினார். ஒருவர் முகம் சுளித்தார். இன்னொருவர், "கூத்துக்குக் கூலியா?" என்று கேட்டார். அண்ணாவியார்தான், "கொப்பியை வாசிச்சுப் பாருங்க" என்றார். கடைசியில் மூன்று உடுப்புக்குக் கூலி தர ஒப்புக்கொண்டார்கள். மீதி இரண்டையும் பற்றி அக்கா சொன்னதை நான் மறக்கவில்லை: "அந்த ரெண்டும் என்ட நன்கொடை எண்டு எழுதுங்க. என்ட பேரையும் எழுதுங்க."

முழுக் கூலியும் கிடைக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த முறை தோடு காதிலேயே இருந்தது.

உலகத்திலும் இதே கதை

அண்மையில் அவருடைய மகள் தொலைபேசியில் ஒரு படம் காட்டினாள். கதைப் பாத்திரங்களைப்போல உடுத்துக்கொண்டு இளைஞர்கள் கூடும் ஒரு விழா. இதற்குக் "கொஸ்பிளே" என்று பெயர். 1980களில் யப்பானில் உண்டான சொல். அந்நாட்டின் நாகோயா நகரில் 2003ஆம் ஆண்டு தொடங்கிய உலக விழாவுக்குப் பல நாட்டவர்கள் தாங்களே தைத்த உடுப்போடு வருகிறார்கள். "அம்மா செய்யிறதுதானே இது" என்றாள் மகள்.

இந்த வழக்கத்தின் தொடக்கத்தைத் தேடிப் படித்தேன். 1939இல் நியூயோர்க்கில் விஞ்ஞானக் கதை வாசகர்களின் முதலாவது உலக மாநாடு நடந்தது. அதற்கு ஃபொரஸ்ட் அக்கர்மன் என்ற இளைஞர் எதிர்கால மனிதனைப் போல உடுத்து வந்தார். அவருடைய பெயர் நீண்ட காலம் பேசப்பட்டது. அவருடைய உடுப்பையும் தன்னுடையதையும் திட்டமிட்டுத் தைத்தவர் அவரோடு வந்த மேர்ட்டில் டக்ளஸ் என்ற பெண். அவருடைய பங்கு பரவலாகப் பேசப்படுவதற்குப் பல பத்தாண்டுகள் சென்றன. கடல் கடந்தாலும் ஊசி பிடித்த கைக்கு இதே கதிதான்.

சகோதரிகளே, கூத்து உடுப்பாக இருக்கலாம், பாடசாலையில் தமிழ்மொழித்தினப் போட்டிக்குத் தைக்கும் உடுப்பாக இருக்கலாம், கோயில் திரைச்சீலையாகவும் இருக்கலாம். தொடங்கும் முன் ஒரு கொப்பியில் நான்கு விடயங்களை எழுதுங்கள்: வாங்கும் பொருள், செலவாகும் மணித்தியாலம், பொருளுக்குப் பெற்ற முற்பணம், காசு கைக்கு வரும் நாள். கடன் வாங்கியோ நகை ஈடு வைத்தோ மற்றவருக்குப் பொருள் வாங்காதீர்கள். நான்கைந்து பேர் சேர்ந்தால் தைத்த உடுப்பைப் பெட்டியில் பத்திரப்படுத்தி, பாடசாலைகளுக்கு வாடகைக்கும் கொடுக்கலாம். இலவசமாகக் கொடுக்க மனம் இருந்தால் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் எவ்வளவு கொடுத்தோம் என்பது உங்களுக்கும் வாங்கியவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

2014இல் நான் நிரப்பிய அந்தப் படிவத்தைப் பிறகு திருத்தினேன். தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று அக்காவிடமே கேட்டேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, "கூத்து உடுப்புக் கட்டுகிறவர்" என்று எழுதச் சொன்னார். அப்படியே எழுதினேன்.

உங்கள் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது?

அடுத்த மாதம் சந்திப்போம்.