சுக்கானில் ஆட்டம் எங்கே?

வாசகர் ஒருவர் எழுதியுள்ள கடிதம் இவ்வாரம் நம் சிந்தனைக்கு உரியதாகின்றது. தந்தையார் விட்டுச்சென்ற 1958ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் கார் ஒன்று அவரிடம் இருக்கின்றது. இயந்திரம் நன்றாகவே ஓடுகின்றது. ஆனால் சுக்கானை இரண்டு விரற்கடை திருப்பிய பின்னரே முன்சில்லுகள் அசையத் தொடங்குகின்றன. நேர்வீதியிலும் வண்டி இருபுறமும் அலைகின்றது. ஒரு கராஜில் காட்டியபோது, “சுக்கான் றாக் முழுவதையும் மாற்ற வேண்டும்” என்றார்களாம். வேறொருவரைக் கேட்டபோது, “பழைய கார் என்றால் இப்படித்தான் இருக்கும்” என்றாராம். இவ்விரண்டில் எதை நம்புவது என்று கேட்கின்றார் அன்பர்.

இரண்டையும் நம்ப வேண்டியதில்லை என்பதே எம் விடை. முன்னவர் நோயைத் தேடாமலே மருந்து சொன்னார். பின்னவர் நோயே இல்லை என்றார். இருவருமே ஆட்டம் எங்கே இருக்கின்றது என்று பார்த்ததாகத் தெரியவில்லை.

தோட்டஞ் செய்வோர் அறிந்த உண்மை ஒன்றுண்டு. கிணற்றிலே இறைத்த நீர் கடைசிப் பாத்திக்கு வந்து சேரவில்லையென்றால், எவரும் கிணற்றை ஆழமாக்கப் புறப்படுவதில்லை. வாய்க்காலின் கரையோரமாக நடந்து உடைப்பு எங்கே என்று பார்க்கின்றார்கள். சுக்கானின் நிலையும் இதுவே. சாரதியின் கையிலே தொடங்கும் அசைவு சுக்கான் தண்டின் வழியாக இறங்கிப் பல மூட்டுகளைக் கடந்து சில்லை அடைகின்றது. ஒவ்வொரு மூட்டிலும் நூலளவு தேய்வு இருந்தாலும் அவையெல்லாம் கூடிச் சுக்கானின் விளிம்பிலே இரண்டு விரற்கடையாகத் தோன்றும். ஆதலின் எதைக் கழற்றுவது என்று கேட்பதற்கு முன்னர், அசைவு எந்த மூட்டிலே சாகின்றது என்று கேட்டல் வேண்டும்.

மொறிஸ் மைனர் 1948ஆம் ஆண்டு இலண்டன் ஏள்ஸ் கோட் கண்காட்சியில் முதன்முதலாக மக்கள் முன் வைக்கப்பட்டது. அலெக் இசிகோனிஸ் என்பார் அதனை வடிவமைத்தார். 1971இல் உற்பத்தி நின்றபோது ஏறத்தாழப் பதினாறு இலட்சம் வண்டிகள் வெளிவந்திருந்தன. அக்காலத்துச் சிறு கார்கள் பலவற்றிலே சுக்கான் பெட்டியும் நீண்ட கோல்களும் இருக்க, இவ்வண்டிக்கு இசிகோனிஸ் பல்வெட்டிய சட்டத்தையும் அதனோடு கூடிய சிறு பற்சில்லையும் அமைத்தார். இதனையே நம்மவர் றாக் என்பர். மூட்டுகள் குறைவாதலால் சுக்கான் சொன்னதைச் சில்லு உடனே கேட்கும். நல்ல நிலையிலுள்ள மைனரை ஓட்டியவர்கள் அதனை மறப்பதில்லை. எனவே, “பழைய கார் என்றால் இப்படித்தான்” என்பது மைனருக்குப் பொருந்தாத கூற்று.

எவ்வளவு ஆட்டம் பொறுக்கத்தக்கது என்பதற்கு ஓர் அளவுகோல் இருக்கின்றது. பிரித்தானியாவில் 1960ஆம் ஆண்டு தொடங்கிய வாகனத் தகுதிச் சோதனையின்படி, 15 அங்குல விட்டமுள்ள சுக்கானிலே, றாக் உள்ள வண்டிக்கு ஏறத்தாழ அரை அங்குல ஆட்டம் வரை பொறுக்கலாம். சுக்கான் பெட்டியுள்ள வண்டிக்கு மூன்று அங்குலம் வரை இடமுண்டு. இரண்டு விரற்கடை என்பது ஒஸ்ரின் ஏ40 வைத்திருப்பவருக்குப் பெருங்குறை அன்று. மைனர் வைத்திருப்பவருக்கோ அது எச்சரிக்கையாகும்.

இனித் தேடத் தொடங்குவோம்.

முதலிலே பார்க்க வேண்டியவை ரயர்கள். வண்டி அலைவது வேறு. சுக்கான் ஆடுவது வேறு. காற்றுக் குறைந்த ரயர், ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த ரயர், முன்னும் பின்னும் வெவ்வேறு இனமான ரயர் ஆகிய எதுவும் வண்டியை அலையச் செய்யும். மைனரின் பழைய நூலடுக்கு ரயர்களுக்கு முன்சில்லில் 22 இறாத்தல் காற்று வைப்பது வழக்கம். ரேடியல் ரயர் பூட்டியிருப்பின் அதற்குரிய அளவைக் கேட்டறிந்து வைத்தல் வேண்டும். முன்னே ரேடியலும் பின்னே நூலடுக்கும் பூட்டுவது ஒருபோதும் ஆகாது. வளைவிலே வண்டியின் பின்புறம் வழுக்கிச் செல்லும். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் சுக்கான் நடுங்குமாயின் சில்லின் சமநிலையைப் பார்ப்பித்தல் போதுமானதாக இருக்கலாம். முன்சில்லுகள் முன்புறத்திலே சற்று உள்நோக்கி நிற்க வேண்டும். மைனருக்கு அவ்வளவு 3/32 அங்குலம். இவற்றைச் சரிசெய்யாமல் மூட்டுகளைக் குறைகூறுதல் முறையன்று.

அடுத்த சோதனைக்கு இருவர் வேண்டும். வீட்டிலுள்ள எவரும் இதற்குத் துணைபுரியலாம். பத்து வயதுப் பிள்ளைக்கும் இது கடினமன்று. வண்டியைச் சமதரையிலே நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, கைப்பிறேக்கை இழுத்து, சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். ஒருவர் சாரதியின் ஆசனத்திலிருந்து சுக்கானை மெல்ல இடமும் வலமும் அசைக்க வேண்டும். சில்லைத் திருப்புமளவுக்கு வேண்டாம். ஆட்டம் தெரியுமளவுக்குப் போதும். மற்றவர் அசைவைத் தொடர்ந்து கண்ணாலும் விரலாலும் செல்ல வேண்டும்.

முதல் இடம், சுக்கான் தண்டு றாக்கினுள் இறங்கும் இடத்திலுள்ள கவ்வி. மேலே தண்டு திரும்பியும் கீழே பற்சில்லின் தண்டு திரும்பவில்லையெனில் கவ்வியின் ஆணி தளர்ந்துள்ளது. ஒரு ஸ்பனரால் தீரக்கூடிய குறை அது. ஆயினும் முற்றாகத் தளர்ந்தால் சுக்கான் கையிலே வெறும் வளையமாகிவிடும்.

இரண்டாம் இடம், றாக்கின் கூடு. மைனரில் அது இயந்திரத்துக்குப் பின்னே, முன்தட்டோடு இறுகப் பூட்டப்பட்டிருக்கும். அசைக்கும்போது கூடே இடமும் வலமும் நகருமாயின் பிடிப்பாணிகள் தளர்ந்துள்ளன; அல்லது அவை பூட்டியிருக்கும் தகடு துருப்பிடித்துவிட்டது. கடற்கரையை அண்டி வாழ்வோர் பின்னதை நன்றாகப் பார்த்தல் வேண்டும்.

மூன்றாம் இடம், றாக்கின் உட்புறம். பற்சில்லின் தண்டு திரும்பியும் பக்கத்துக் கோல்கள் அசையத் தாமதித்தால் தேய்வு உள்ளே இருக்கின்றது. றாக்கை அழுத்திப் பிடிக்கும் ஒரு வில்லும் அதன் மூடியின் கீழே மென்தகடுகளும் உண்டு; தகடுகளைக் கூட்டியோ குறைத்தோ பிடியைச் சரிசெய்யலாம். இருமுனைகளிலுமுள்ள றபர் உறைகள் கிழிந்திருந்தால் எண்ணெய் வெளியேறி மணல் உட்புகுந்திருக்கும். அப்போதுதான் றாக்கை மாற்றும் பேச்சுக்கு இடமுண்டு.

நான்காம் இடம், கோல்களின் வெளிமுனைகளிலுள்ள பந்துமூட்டுகள். மூட்டின்மேல் விரலை வைத்துக்கொண்டிருங்கள். கோல் அசைந்தும் சில்லின் புயம் அசையாது நின்றால் விரலே அதனைச் சொல்லிவிடும். ஆட்டங்களிற் பெரும்பாலானவை இங்கேதான் பிடிபடும். றாக்கோடு ஒப்பிட இவற்றின் விலை சொற்பமே. மாற்றிய பின் சில்லுகளின் உள்நோக்கை மறுபடியும் அளப்பிக்க மறவாதீர்கள்.

இவ்வளவும் சில்லு தரையிலே இருக்கும்போது செய்வது. அடுத்ததற்கு முன்சில்லைத் தூக்க வேண்டும். ஜக்கை வண்டியின் உடலுக்குக் கீழே வையாமல், கீழ்க்கையின் அடியிலே சில்லுக்கு இயன்றளவு அருகில் வைத்துத் தூக்குங்கள். அப்போதுதான் வில்லின் சுமை மூட்டிலிருந்து நீங்கி அதன் தேய்வு வெளிப்படும். ஜக்கை மட்டும் நம்பி வண்டியின் கீழே உடலை நுழைப்பது கூடாது. உறுதியான தாங்கி ஒன்றையும் வையுங்கள்.

சில்லின் உச்சியையும் அடியையும் இரு கைகளாலும் பற்றி முன்னும் பின்னுமாக ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் துணைவரைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் குறை சில்லின் பெயாரிங்கில் உள்ளது. மறையாவிட்டால் அதற்கும் உட்புறத்தே உள்ளது. மைனரில் மேற்கையாக அமைந்திருப்பது ஆம்ஸ்ட்ரோங் அதிர்வுதாங்கியே. அதன் ஆணிகள் தளர்ந்தாலும் வண்டி அலையும். கீழ்க்கையின் வேரிலுள்ள றபர்கள் நசிந்தாலும் அவ்வாறே.

இப்போது மிக முக்கியமானதொன்றைச் சொல்ல வேண்டும். மைனரின் முன்சில்லு இடமும் வலமும் திரும்புவதற்கு அச்சாக நிற்பது ஒரு நிமிர்ந்த முளை. அதன் இருமுனைகளிலும் திருகுபுரி வெட்டப்பட்டிருக்கும். அப்புரிகள் மேலும் கீழுமுள்ள கூடுகளினுள் திருகப்பட்டிருக்கும். மெக்கானிக்குகள் இக்கூட்டை ட்றனியன் என்பர். வண்டியின் முன்பாரம் கீழ்க்கூட்டிலுள்ள அச்சில புரிகளின் வழியாகவே சில்லுக்கு இறங்குகின்றது. கிறீஸ் இருக்கும்வரை அது அரைநூற்றாண்டும் உழைக்கும். கிறீஸ் வற்றினாலோ புரி தேயும். தேய்ந்து தேய்ந்து ஒருநாள் முளை கூட்டைவிட்டுக் கழன்றுவிடும். சில்லு மடிந்து, வண்டியின் மூக்கு வீதியிலே இடிக்கும். பெரும்பாலும் வீட்டு வாசலிலோ சந்தியிலோ மெதுவாகத் திருப்பும்போதே இது நேர்வதுண்டு. கண்டி வீதியின் வளைவொன்றிலே நேர்ந்தால் விளைவு என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வாசகர்கள் நினைவிற் கொள்ள வேண்டியது இதுவே: இந்தத் தேய்வு மேலுங்கீழுமான தேய்வு. ஆதலால் அது சுக்கானிலே தெரியாமலும் இருக்கலாம். கையிலே தெரியும் ஆட்டம் தொல்லை தரும். கையிலே தெரியாத ஆட்டம் உயிருக்கே ஊறு தரும். முன்சில்லு தூக்கியிருக்கும்போது ஒரு கடப்பாரையை ரயரின் அடியிலே கொடுத்து மெல்ல நெம்புங்கள். துணைவர் கீழ்க்கூட்டைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். முளை கூட்டினுள்ளே மேலுங்கீழும் ஏறி இறங்கினால் அவ்வண்டி அன்று வீதிக்குப் போகக் கூடாது. முளையையும் கூட்டையும் சேர்த்து மாற்றிய பின்னரே ஓட வேண்டும்.

தேய்வு இல்லாதிருந்தால் அதைக் காப்பது எளிது. ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிறீஸ் ஏற்றுங்கள். முலைக்காம்பு போன்ற அச்சிறு துவாரத்தை முதலில் துணியால் துடைத்து, சில்லைத் தூக்கிச் சுமையை நீக்கிய பின் ஏற்றினால் கிறீஸ் புரியின் எல்லாப் பக்கமும் சேரும். பழைய கறுத்த கிறீஸ் வெளியேறிப் புதியது தோன்றும்வரை ஏற்றல் வேண்டும். மாரி மழையிலே வெள்ளத்தைக் கடந்து வந்த வண்டிக்கு ஆயிரம் மைல் வரை காத்திருக்கலாகாது.

ஒஸ்ரின் ஏ40 போன்ற சுக்கான் பெட்டியுள்ள கார்களை வைத்திருப்போருக்கும் ஒரு சொல். பெட்டியின் மேலே ஆட்டத்தைக் குறைக்கும் திருகாணி ஒன்று இருக்கக் கண்டு, முதற்காரியமாக அதனை முறுக்குவோர் பலர். பெட்டி நடுப்பாகத்திலேதான் அதிகம் தேய்கின்றது; ஏனெனில் வண்டி நேராக ஓடும் நேரமே மிகுதி. நடுவிலுள்ள ஆட்டம் முற்றாக நீங்கும்வரை முறுக்கினால் தேயாத ஓரங்களிலே பெட்டி இறுகிவிடும். வளைவிலே திருப்பிய சுக்கான் தானாக மீளாது. சாரதி அதனை இழுத்து மீட்க வேண்டிவரும். அது முன்னிருந்த ஆட்டத்தைவிடக் கொடிது. ஆகவே கோல்களையும் பந்துமூட்டுகளையும் முன்சொன்ன முறையிலே பார்த்துத் தீர்த்த பின்னரே திருகாணியைத் தொடலாம். அப்போதும் முன்சில்லுகளைத் தூக்கி, ஓரத்திலிருந்து ஓரத்துக்குச் சுக்கான் எங்கும் இறுகாது திரும்புகின்றதா என்று பார்த்தல் வேண்டும்.

இப்பழைய வண்டிகள் நம் மக்களுக்குச் செய்த தொண்டு சிறிதன்று. 1990ஆம் ஆண்டின் பின்னர் யாழ்ப்பாணத்திலே பெற்றோல் கிட்டாத காலத்தில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரினும் மண்ணெண்ணெயைக் குடித்துக்கொண்டு நோயாளரையும் கர்ப்பிணிகளையும் ஆஸ்பத்திரிக்குச் சுமந்தன. புதிய வாகனங்கள் நின்றுபோன இடத்திலும் அவை ஓடின. இயந்திரம் எளிதில் நின்றுபோகாத இத்தகைய வண்டிகளுக்கே ஓர் ஆபத்து உண்டு. இயந்திரம் ஓடும்வரை வண்டி நலமென்று நாம் எண்ணிவிடுகின்றோம். 2008ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் நடைபெறும் புகைச் சோதனையும் புகையை மட்டுமே அளக்கின்றது. அப்பத்திரம் சுக்கானுக்குச் சாட்சியாகாது.

ஆகவே கடிதம் எழுதிய அன்பருக்கு எம் ஆலோசனை இதுதான். றாக் வாங்கப் பணம் எடுக்க வேண்டாம். பேசாமலிருந்து ஓட்டவும் வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, வீட்டிலுள்ள ஒருவரைச் சுக்கானில் இருத்தி, இங்கே கூறிய வரிசைப்படி பாருங்கள். கண்டதை ஒரு தாளிலே எழுதிக்கொள்ளுங்கள். கீழ்க்கூட்டிலே ஆட்டம் கண்டால் மெக்கானிக்கை வீட்டுக்கு அழையுங்கள். இல்லையேல் தாளோடு கராஜுக்குச் செல்லுங்கள். “சுக்கான் ஆடுகிறது” என்று சொல்பவருக்கு எதையும் மாற்றிவிடலாம். “இடப்பக்கத்துப் பந்துமூட்டு ஆடுகிறது” என்று சொல்பவருக்கு அந்த மூட்டை மட்டுமே மாற்ற முடியும்.