மூச்சை அடக்காதீர்கள்

தண்ணீருக்குள் தலையை விட்டால் மூச்சை அடக்க வேண்டும். இதை நமக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. பச்சைக் குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றினால் அதுவே ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் ஸ்கூபா முக்குளிப்பில் முதலில் மறக்கச் சொல்வது இந்தப் பாடத்தைத்தான். கடலுக்கடியில் மீனைப் பார்த்து மயங்கினாலும், பயந்து நடுங்கினாலும், மூச்சை மட்டும் அடக்கக் கூடாது. இழுக்க வேண்டும், விட வேண்டும், மறுபடி இழுக்க வேண்டும்.

சென்ற பள்ளி விடுமுறையில் பெர்ஹெந்தியான் தீவுக்குப் போய் இந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டு வந்தேன். எனக்கு வயது 49. “இந்த வயதில் இது தேவையா?” என்று உங்களில் சிலர் கேட்பது காதில் விழுகிறது. என் அம்மாவும் அதையேதான் கேட்டார்.

அம்மா கேட்டதில் நியாயம் உண்டு. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, 13 வயதில் பத்து காஜா பக்கம் ஓர் ஈயக்குட்டையில் மூழ்கி இறந்தார். நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது அது. பேராவில் வளர்ந்தவர்களுக்கு ஈயக்குட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஓரத்தில் முழங்கால் அளவுதான் இருக்கும். இரண்டடி தள்ளி வைத்தால் காலுக்குக் கீழே தரையே இருக்காது. சித்தப்பாவோடு குளிக்கப் போன பையன்களில் ஒருவனுக்கும் நீச்சல் தெரியாது. அன்றிலிருந்து பாட்டி போட்ட சட்டம் ஒன்றுதான்: இந்த வீட்டுப் பிள்ளைகள் தண்ணீர்ப் பக்கம் போகக் கூடாது. அந்தச் சட்டம் பாட்டி போன பிறகும் மாறவில்லை. போர்ட்டிக்சனுக்குப் போனாலும் பங்கோருக்குப் போனாலும், அப்பா கால்சட்டையை மடித்துவிட்டுக் கணுக்கால் தண்ணீரில் நிற்பார். அதற்கு மேல் ஓர் அடி வைத்து நான் பார்த்ததில்லை.

என் மகள் ஆறு வயதில் நகராண்மைக் கழக நீச்சல் குளத்தில் வகுப்புக்குச் சேர்ந்தாள். துண்டும் பையுமாகக் கரையில் உட்கார்ந்திருந்த நான், மூன்றாவது மாதம் நானும் சேர்ந்துகொண்டேன். இன்றைக்கும் இரண்டு சுற்றுக்கு மேல் எனக்குத் தாங்காது. மகளுக்கு இப்போது 17. “அம்மா, ஒரே ஒரு தடவை கடலுக்குள்ளே போய்ப் பார்க்கலாம். பிடிக்கவில்லையென்றால் வந்துவிடலாம்” என்றாள். அப்படித்தான் நாங்கள் மூவரும் பண்டார் தாசிக் செலாத்தானில் இரவுப் பேருந்து ஏறினோம். விடிந்ததும் திரங்கானுவில் கோல பெசுட் படகுத்துறை. அங்கிருந்து விரைவுப் படகில் ஏறக்குறைய முக்கால் மணி நேரத்தில் தீவு. பெர்ஹெந்தியான் என்ற மலாய்ச் சொல்லுக்கு ‘நிற்குமிடம்’ என்று பொருள். அந்தக் காலத்து வணிகக் கப்பல்கள் தங்கிப் போன இடம்.

கடலில் இறங்குவதற்கு முன் ஒரு தாளை நீட்டினார்கள். ஆஸ்துமா உண்டா, இதய நோய் உண்டா, நீரிழிவு, இரத்த அழுத்தம், காது அறுவைச் சிகிச்சை, கர்ப்பம் என்று வரிசையாகக் கேள்விகள். ஒன்றுக்கு ‘ஆம்’ என்று எழுதினாலும் மருத்துவரின் கடிதம் வேண்டியிருக்கலாம். என் கணவர் இனிப்பு நீருக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர். கடிதம் கொண்டுவரவில்லை. “எல்லாவற்றுக்கும் இல்லை என்று போட்டுவிட்டால் என்ன?” என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு உண்மையை எழுதிவிட்டு, கரையோரம் மிதந்து மீன் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டார். நம் வீடுகளில் ஐம்பதைத் தாண்டிய பலருக்கு இந்த இரண்டில் ஒன்றாவது இருக்கிறது. போவதாக இருந்தால் ஊரிலேயே மருத்துவரைப் பார்த்துக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாளில் பொய் எழுதினால், பலனைக் கடலுக்கடியில்தான் அனுபவிக்க வேண்டியிருக்கும்.

எங்களுக்கு வாய்த்த பயிற்றுநர் பெசுட்டைச் சேர்ந்த ஒரு மலாய்ப் பெண். முப்பது வயதுகூட இருக்காது. என்னைக் ‘காக்’ என்றுதான் கூப்பிட்டார். பெண்கள் சிலர் உடையை நினைத்தே இந்தப் பக்கம் வருவதில்லை. அந்தக் கவலை வேண்டாம். கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடும் உடை அங்கேயே கிடைக்கிறது. அந்தப் பெண் தலையையும் மூடித்தான் இறங்கினார்.

அரை மணி நேரம் மணலில் உட்கார வைத்துப் பாடம் நடத்தினார். முதுகில் மாட்டும் சிலிண்டரில் இருப்பது பிராணவாயு என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். இல்லை, நாம் இப்போது சுவாசிக்கும் சாதாரணக் காற்றுத்தான். ஒரு பழைய தொலைபேசிக் கூண்டு நிறைய இருக்கும் காற்றை அழுத்தி அதற்குள் அடைத்திருக்கிறார்கள். அதை நேராக வாயில் திறந்துவிட்டால் நுரையீரல் தாங்காது. நாம் இழுக்கும்போது மட்டும், நாம் இருக்கும் ஆழத்துக்கு ஏற்ற அழுத்தத்தில் காற்றைத் தருகிற கருவிதான் ரெகுலேட்டர். 1943-இல் பிரான்சில் கடற்படை அதிகாரி ஜாக் கூஸ்தோவும் பொறியாளர் எமில் கான்யானும் சேர்ந்து அதை உருவாக்கினார்கள். போர்க்காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு. கார்களை வாயுவில் ஓட்டுவதற்காகக் கான்யான் ஒரு வால்வு செய்து வைத்திருந்தார். காருக்குச் செய்தது மனிதனுக்கு மூச்சாகிவிட்டது.

மூச்சை ஏன் அடக்கக் கூடாது என்பதும் அப்போதுதான் புரிந்தது. கடலில் பத்து மீட்டர் இறங்கினால் நம்மைச் சுற்றியுள்ள அழுத்தம் இரண்டு மடங்காகிறது. அங்கே நுரையீரல் நிறையக் காற்றை இழுத்து, அப்படியே அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியும். ஊதிய பலூனை மேலும் ஊதுவது போலத்தான். இதற்குப் பெரிய ஆழம்கூடத் தேவையில்லை. ஒன்றிரண்டு மீட்டரிலிருந்து அடக்கிய மூச்சோடு மேலே வந்தாலே நுரையீரலில் காயம் படக்கூடும்.

அப்படியென்றால் மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்த நம் முன்னோர் மூச்சை அடக்கிக்கொண்டுதானே போனார்கள்? எனக்கும் அந்தச் சந்தேகம் வந்தது. அவர்கள் எடுத்துப் போனது மேலிருந்த காற்றை. கீழே போகும்போது அது சுருங்கும், மேலே வரும்போது பழைய அளவுக்குத் திரும்பும். அதைவிடப் பெரிதாகாது. நாமோ கீழே போன பிறகு புதுக் காற்றை இழுக்கிறோம். வித்தியாசம் அங்கேதான். கல்லைக் கட்டிக்கொண்டு, ஒற்றை மூச்சில் இறங்கிச் சிப்பி அள்ளிய அந்த மனிதர்களை நினைத்தால் இப்போதும் மலைப்பாக இருக்கிறது.

அடுத்தது கை ஜாடை. நீருக்கடியில் பேச முடியாது. கட்டை விரலை உயர்த்தினால் ‘நன்றாக இருக்கிறது’ என்று பொருளில்லை, ‘மேலே போகலாம்’ என்று பொருள். நன்றாக இருந்தால் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்ட வேண்டும். நாம் எதற்கெடுத்தாலும் தலையை ஆட்டுகிறவர்கள். “காக், தலையாட்டினால் எனக்கு ஆமாவா இல்லையா என்று தெரியாது. கையைக் காட்டுங்கள்” என்று பயிற்றுநர் சிரித்தார்.

பிறகு இடுப்பளவு தண்ணீரில் பயிற்சி. சிலிண்டர் மட்டும் 15 கிலோ இருக்கும். கரையில் அதைத் தூக்கி நிற்கவே முதுகு வளைந்தது, தண்ணீரில் இறங்கியதும் எடையே தெரியவில்லை. முட்டி போட்டுத் தலையை உள்ளே விட்டேன். வாயால் மூச்சு விடுவது சில நிமிடங்களில் பழகிவிட்டது. அடுத்துதான் சோதனை. கண்ணாடிக்குள் வேண்டுமென்றே கொஞ்சம் தண்ணீரை விட்டு, அதை மூக்கால் ஊதி வெளியேற்ற வேண்டும். உப்புத் தண்ணீர் மூக்கைத் தொட்டதும் உடம்பு என் பேச்சைக் கேட்கவில்லை. எழுந்து நின்றுவிட்டேன். நெஞ்சு அடித்துக்கொண்டது. நான் பார்த்தேயிராத ஒரு 13 வயதுப் பையன் அந்த நேரத்தில் என் நினைவுக்கு வந்தான்.

பயிற்றுநர் அவசரப்படுத்தவில்லை. பக்கத்தில் நின்றார். “பெலான்-பெலான், காக். கடல் எங்கேயும் போகாது” என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு முழு உரிமை உண்டு, பணத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்றும் சொன்னார். இரண்டாவது முறையும் எழுந்தேன். மூன்றாவது முறை, தலையைச் சற்று அண்ணாந்து, கண்ணாடியின் மேல் விளிம்பை அழுத்திப் பிடித்து மூக்கால் ஊதினேன். தண்ணீர் இறங்கிப் போனது. எதிரே மகள் வட்ட ஜாடை காட்டிக்கொண்டிருந்தாள்.

படகில் சற்றுத் தூரம் போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினோம். ஒவ்வொரு மீட்டருக்கும் மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதைச் சரிசெய்ய வேண்டும். விமானம் இறங்கும்போது காது அடைக்குமே, அதே கதைதான். வலித்தால் நிறுத்திச் சற்று மேலே வர வேண்டும், அழுத்தி ஊதக் கூடாது. அனுபவம் இல்லாதவர்களை இந்த அறிமுக முக்குளிப்பில் 12 மீட்டருக்கு மேல் அழைத்துப் போக மாட்டார்கள். நாங்கள் போனது எட்டு மீட்டர். பயிற்றுநர் என் கைக்கு எட்டும் தூரத்தை விட்டு விலகவே இல்லை.

கீழே அமைதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. என் மூச்சுச் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. அதற்கு நடுவே கடுக் கடுக்கென்று ஓர் ஓசை. கிளிமீன் பவளப்பாறையைக் கொறிக்கும் சத்தம் என்று பிறகு சொன்னார்கள். அது தின்று கழிக்கும் பாறைத்தூள்தான் நாம் நடக்கும் வெள்ளை மணலில் ஒரு பங்கு. பிள்ளைகள் ‘நீமோ’ என்று கூப்பிடும் கோமாளி மீன் கடல் சாமந்திக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தது. பச்சை ஆமை ஒன்று எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் கடந்து போனது. என் விரல் நகத்தில் பூசியிருந்த சிவப்புச் சாயம் மங்கிக் கறுப்பாகத் தெரிந்தது. தண்ணீர் முதலில் சிவப்பைத்தான் விழுங்குமாம்.

ஓரிடத்தில் பாறை வெள்ளையாக இருந்தது. அழகு என்று நினைத்தேன். மேலே வந்ததும் பயிற்றுநர் சொன்னார், அது வெளுத்துப்போன பவளம். கடல் அளவுக்கு மேல் சூடானால் பவளம் தனக்கு நிறமும் உணவும் தரும் நுண்பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. சூடு விரைவில் தணியாவிட்டால் பட்டினியால் சாகிறது. 2010-இல் இப்படிப் பரவலாக வெளுத்தபோது, நம் கடல் பூங்காக்களில் சில முக்குளிப்பு இடங்களை அரசாங்கமே சில மாதங்கள் மூடி வைத்தது. பெரிய பாறைப் பவளம் வளர்வது ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான். நாம் காலை ஊன்றி உடைக்கும் ஒரு கையளவுத் துண்டு பத்துப் பதினைந்து ஆண்டு வளர்ச்சி. எதையும் தொடாதே என்று சொல்வது அதனால்தான்.

35 நிமிடம் போனதே தெரியவில்லை. மேலே வருவதும் மெதுவாகத்தான். நாம் விடும் சிறிய குமிழிகளை முந்தக் கூடாது. முக்குளித்த அன்றே விமானம் ஏறவும் கூடாது. ஒருமுறை மட்டும் இறங்கியவர்கள் குறைந்தது 12 மணி நேரமாவது பொறுக்க வேண்டும். கோத்தா பாருவிலிருந்து அன்று மாலையே விமானத்தில் திரும்பத் திட்டமிடுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஆன செலவு 250 ரிங்கிட். ஆண்டுக் கடைசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் தீவின் விடுதிகள் பெரும்பாலும் மூடிவிடும். ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரை நல்ல காலம். பயிற்றுநரிடம் அனைத்துலகச் சான்றிதழ் இருக்கிறதா, ஒருவருக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள். எங்களுக்கு ஒருவருக்கு இருவர். கும்பலாக அழைத்துப் போகிறவர்களிடமும், மருத்துவத் தாள் தராதவர்களிடமும் போக வேண்டாம்.

எல்லாரும் சிலிண்டர் மாட்டிக்கொண்டு கடலில் இறங்குங்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் மட்டும் உலகில் ஏறக்குறைய 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் நான்கில் ஒரு பங்கு ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். நம் நாட்டிலும் விடுமுறை வந்தால் அருவி, ஆறு, கடற்கரை என்று ஏதோ ஓரிடத்திலிருந்து செய்தி வருகிறது. அந்தப் படத்தில் நம் பிள்ளைகளின் முகமும் இருக்கிறது.

பாட்டியின் சட்டம் துக்கத்தில் பிறந்தது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் ‘போகாதே’ என்று மட்டும் சொல்லி வளர்த்த பிள்ளை, நண்பர்களோடு ஒருநாள் போகத்தான் செய்வான். போகும்போது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டியது நீச்சல். அதோடு, தண்ணீருக்குள் பதறாமல் இருக்கும் பழக்கம். டியூஷனுக்கும் கணினி வகுப்புக்கும் பணம் ஒதுக்குகிறோம். அந்தப் பட்டியலில் நீச்சல் வகுப்பையும் சேருங்கள். ஊராட்சிக் குளங்களில் நுழைவுக் கட்டணம் சில ரிங்கிட்தான். பிள்ளையைக் கொண்டுபோய் விடும் அம்மாக்கள் கரையில் உட்கார்ந்து கைப்பேசியைப் பார்க்காமல், நீங்களும் இறங்குங்கள்.