ருவான்வெல்ல வழக்கை வாசிக்காதவர்களின் நடுநிலை

தோட்டத்து லயத்தில் பிறந்து சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்துகொள்ளும் பிள்ளைகளை மேடையேற்றி, மலையகத்தின் பிள்ளைகள் என்று சொல்லி மாலை போடுவது சிலருக்குப் பொறுக்கவில்லை. அது இனவாதமாம், அமெரிக்காக்காரனைப் பார்த்து ஆடுவதாம், தனிமனிதத் திறமையைச் சாதிக் கணக்கில் எழுதுவதாம். பேசுகிறவர்கள் படித்தவர்கள், அதிலும் நம்மவர்கள். ஆகவே பதிலும் அந்தத் தரத்தில் இருக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் அவர்களுடைய வாதங்களைப் பிரித்துப் பார்க்கப் பார்க்க, தரம் எங்கே இருக்கிறது என்று தேடுவதே பெரிய வேலையாகிவிட்டது.

சட்டத்துக்கு இனமும் ஊரும் கிடையாது, ‘மலையகச் சட்டத்தரணி’ என்ற அடைமொழியே சட்டத்தின் சமத்துவத்துக்கு இழுக்கு என்பது தலையாய வாதம். இந்தக் கொள்கை யாருக்கு எதிராக, என்ன விளைவோடு பயன்பட்டது என்று இவர்கள் ஒரு தடவையாவது தேடிப் பார்த்ததுண்டா? தூரம் போகத் தேவையில்லை. கேகாலை மாவட்டத்தின் ருவான்வெல்லத் தொகுதியில் தொடங்கிய ஒரு வழக்கே போதும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் மறு வருடத்துத் தேர்தல் திருத்தச் சட்டமும் தோட்டத் தமிழரின் வாக்கைப் பறித்தபோது, கோடக்கன்பிள்ளை என்பவர் வாக்காளர் இடாப்பில் தன் பெயரைச் சேர்க்கும்படி விண்ணப்பித்தார். ஒரு சமூகத்தின் மீது மட்டும் பாதகத்தைச் சுமத்தும் சட்டம் செல்லாது என்ற சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவைக் காட்டி, மீளாய்வு அதிகாரி சிவஞானசுந்தரம் அந்தக் கோரிக்கையை ஏற்றார். உயர் நீதிமன்றம் அதைத் தள்ளியது. 1953இல் லண்டன் கோமறைக் கழகமும் உயர் நீதிமன்றத்தின் பக்கமே நின்றது. சொன்ன காரணத்தைக் கவனியுங்கள்: இந்தியத் தமிழரின் இடம்பெயரும் வழக்கம் அவர்கள் குடிமக்களாகத் தகுந்தவர்களா என்பதோடு சம்பந்தப்பட்ட விஷயம், அவர்கள் ஒரு சமூகம் என்பதோடு அதற்குச் சம்பந்தமே இல்லை!

சட்டத்தின் வாசகத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் இருக்கவில்லை என்பது உண்மைதான். தகப்பன் இந்த நாட்டில் பிறந்தவனா, இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் பிறந்தவர்களா என்றுதான் அது கேட்டது. வாசகத்தில் பார்த்தால் எல்லாரிடமும் பொதுவாகக் கேட்ட கேள்வி. நாட்டுச் சிங்களவரிடம் யார் போய் பூட்டனின் பிறப்புச் சான்றிதழைக் கேட்டார்கள்? கங்காணியின் பெயர்ப்பட்டியலைத் தவிர வேறெந்த ஏட்டிலும் பதியப்படாமல் வாழ்ந்து செத்த பூட்டனுக்கு எந்தக் கந்தோரில் போய்ச் சான்று எடுப்பது? 1947இல் 7 பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய சனம் 1952 தேர்தலில் ஒருவரையும் அனுப்ப முடியாமல் நின்றது. சட்டம் சமூகத்தைப் பார்க்காது என்ற அதே வாக்கியம்தான் எங்கள் வாக்கை எடுத்தது. 70 வருடம் கழித்து அதே வாக்கியத்தை எங்களுக்கே நீதிபோதனையாக ஒப்பிப்பவரை நடுநிலையாளர் என்று எப்படிச் சொல்வது? வாசிக்காதவர் என்று சொல்லலாம். வாசித்தும் இதைச் சொல்கிறார் என்றால், அதற்குரிய சொல்லை வாசகர்களே தேர்ந்துகொள்ளட்டும்.

அமெரிக்க இறக்குமதி என்ற வாதத்துக்கு வருவோம். அங்கே செப்டம்பர் 15 முதல் ஒக்டோபர் 15 வரை ஹிஸ்பானிய மரபு மாதம் கொண்டாடுகிறார்கள். 1968இல் ஒரு வாரமாகத் தொடங்கி 1988இல் மாதமானது. லத்தீன் அமெரிக்க வம்சத்துச் சட்டப் பட்டதாரிகளை அந்த நாட்களில் கௌரவிக்கிறார்கள். ஏன் என்று கேட்க வேண்டாமா? டெக்சாஸ் மாநிலத்து ஜாக்சன் கவுண்டியில் பீட் ஹெர்னாண்டஸ் என்ற மெக்சிக்க வம்சத் தொழிலாளி கொலைக் குற்றத்துக்கு விசாரிக்கப்பட்டபோது, அந்தப் பகுதியில் 25 வருடமாக அவருடைய சனத்தில் ஒருவரும் ஜூரியாக உட்கார்ந்ததில்லை. மாநில அரசின் வாதம் என்ன தெரியுமா? மெக்சிக்கர் சட்டப்படி வெள்ளையர், ஜூரிகளும் வெள்ளையர், ஆகவே பாகுபாடு என்ற பேச்சுக்கே இடமில்லை. கஸ் கார்சியா, கார்லோஸ் கடேனா என்ற மெக்சிக்க அமெரிக்கச் சட்டத்தரணிகள் வாஷிங்டனில் நின்று வாதாடினார்கள். 1954 மே 3ஆம் திகதி நீதியரசர் வாரனின் தலைமையில் இருந்த உயர் நீதிமன்றம் ஏகமனதாக அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது.

ருவான்வெல்ல வழக்குக்கும் இதற்கும் இடையே ஒரே வருடம். இரண்டு இடத்திலும் ஒரே வாதம்: உங்களைத் தனிச் சமூகமாக நாங்கள் பார்க்கவேயில்லை, பிறகு எப்படிப் பாகுபாடு காட்டியிருக்க முடியும்? அங்கே அது தோற்றது, இங்கே வென்றது. சட்டத்தரணியின் பிறப்பு மட்டுமே அந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்று சொல்லும் அளவுக்கு நான் விவரமற்றவன் அல்ல. அரசியலமைப்பு வேறு, நீதிமன்றம் வேறு, காலமும் அரசியலும் வேறு. ஆனால் ஜாக்சன் கவுண்டியில் ஒதுக்கப்படுவது எப்படி இருக்கும் என்பதைப் புத்தகத்தில் படித்து அறிந்தவரும், தெருவில் பட்டு அறிந்தவரும் ஒரே கேள்வியைக் கேட்பார்களா?

எங்களுக்காக வாதாடிய வெளியாரை மறப்பவர்கள் அல்ல நாங்கள். தொழிலாளர் பக்கம் பேசியதற்காக நாடு கடத்தப்பட இருந்த பிரேஸ்கேர்டிலை 1937இல் நீதிமன்றத்தில் மீட்ட எச். வி. பெரேராவையும், 1940இல் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸார் சுட்டுக்கொன்ற கோவிந்தனுக்காக ஆணைக்குழு முன் நின்ற கொல்வின் ஆர். டி சில்வாவையும் நன்றியோடு சொல்கிறோம். நம் பக்கத்திலும் 1931 அரசாங்க சபையில் அட்டனைப் பிரதிநிதித்துவம் செய்து தொழில் அமைச்சரான பெரி. சுந்தரம் ஒரு சட்டத்தரணிதான். ஆனால் ஒரு சனம் தன் வழக்கைப் பேச எத்தனை தலைமுறைக்குக் கருணையுள்ள கனவான்களை எதிர்பார்த்திருக்க வேண்டும்?

திறமை தனிமனிதருடையது, அதற்குச் சமூகம் ஏன் உரிமை கொண்டாட வேண்டும் என்கிறார்கள். இதைச் சொல்பவர்களில் எத்தனை பேர் பழைய மாணவர் சங்க விருந்தில் தங்கள் கல்லூரி பெற்றெடுத்த நீதியரசர்களைப் பட்டியலிட்டுக் கை தட்டாதவர்கள்? புதுக்கடையில் அப்பனின் அறையில் மகன் ஜூனியராக உட்காரும்போது மட்டும் திறமை தனிமனிதருடையதாக இருப்பதில்லையே, அங்கே அது பரம்பரைப் பெருமை ஆகிவிடுகிறதே, அது எப்படி? பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்கள் என்று 16 மாவட்டங்களுக்கு மேலதிக இடம் உண்டு. நுவரெலியா, பதுளை, இரத்தினபுரி அதில் இருக்கின்றன, கேகாலை இல்லை. எட்டியாந்தோட்டையிலோ தெரணியகலையிலோ லயத்தில் விளக்கை வைத்துப் படிக்கும் பிள்ளை, மாவட்டத்தின் பெரிய பட்டினப் பாடசாலைகளின் பிள்ளைகளோடு சம தரையில் நிற்பதாகத்தான் கணக்கு. அதையும் தாண்டிச் சட்டக் கல்லூரிக்கு வந்தால், பரீட்சை ஆங்கிலத்தில் மட்டுமே என்று ஓர் ஒழுங்குவிதி கொண்டுவந்தார்கள். 2023 மார்ச்சில் பாராளுமன்றம் அதைத் தோற்கடித்திருக்காவிட்டால், தமிழ்மொழி மூலம் படித்த தோட்டப் பிள்ளைக்கு அந்தக் கதவு எப்படித் திறந்திருக்கும்? தனிமனிதத் திறமையைப் பற்றி இவ்வளவு கரிசனை உள்ளவர்கள் அந்த நாட்களில் எங்கே போயிருந்தார்கள்?

சட்டத்தரணியான பிள்ளைகள் தோட்டத்துக்குத் திரும்புவதில்லை, பிறகு மாலை எதற்கு என்பதும் ஒரு கேள்வி. இது ஒன்றில்தான் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் பட்டணத்தில் தங்கியே போகும் பிள்ளையைத் தன் சனத்தோடு கட்டிவைக்கும் உறவுதான் அந்த மேடை. அதையும் பிடுங்கிவிட்டுத் திரும்பவில்லையே என்று புலம்புவது என்ன நியாயம்? அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, நீதிமன்ற நடவடிக்கை புரியாதவருக்கு அரசு செலவில் தமிழில் மொழிபெயர்ப்பு உரிமை தருகிறது. கேகாலையில் நடவடிக்கை சிங்களத்தில். ரப்பர் பால் வெட்டும் ஒரு பெண் தன் வழக்கில் கூண்டில் ஏறும்போது, அந்த உரிமை தனக்கு இருப்பதையே அவளுக்கு யார் சொல்வது? 2022 ஏப்ரல் 19இல் இதே கேகாலை மாவட்டத்து ரம்புக்கனையில் எரிபொருள் விலைக்கு எதிராகத் திரண்டவர்களைப் பொலிஸார் சுட்டு ஒருவர் இறந்தபோது, சுட உத்தரவிட்ட அதிகாரியைக் கைது செய்யச் சொன்னது கேகாலை நீதவான் நீதிமன்றம். நீதிமன்றக் கதவைத் தட்டத் தெரிந்தால் என்ன நடக்கும் என்பதை ஊரே பார்த்தது. 1977இலும் 1981இலும் சப்ரகமுவத் தோட்டங்களில் அடித்து விரட்டப்பட்டவர்களுக்காக அந்தக் கதவைத் தட்ட யார் இருந்தார்கள்?

இவ்வளவு பலவீனமான வாதங்களை இவ்வளவு வேகத்தோடு ஏன் பேசுகிறார்கள் என்பதையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். தோட்டத்து ஆளுக்குப் பொலிஸ் நிலையத்தில் ஒரு பிரச்சினை என்றால் தலைவரைத் தேடிப் போவது நமது பழக்கம். தலைவர் ஒரு வார்த்தை சொல்வார், காரியம் நடக்கும், அடுத்த தேர்தல்வரை அந்தக் கடன் தீராது. அதே லயத்தில் ஒரு சட்டத்தரணி பிறந்துவிட்டால் அந்த வியாபாரம் என்னாகும்? இன்னொரு தரப்பு, பட்டணத்தில் வீடு கட்டி, விலாசத்திலிருந்து தோட்டத்தின் பெயரைத் துடைத்துவிட்டவர்கள். மேடையில் யாரோ ஒரு பிள்ளை தன் லயத்தின் பெயரை உரக்கச் சொல்லும்போது, அவர்கள் மறைத்தது வெளியே வருகிறது. கோபம் அங்கேயிருந்து வருகிறது. சமத்துவம் அதற்குப் போர்த்திய துணி.

2024இல் நாட்சம்பளத்தை 1,700 ரூபாவாக்கி வர்த்தமானி வந்ததும் தோட்டக் கம்பனிகள் உயர் நீதிமன்றம் போய் இடைக்காலத் தடை வாங்கின. சட்டத்துக்கு ஊர் இல்லை என்பவர்கள் எவரும் அன்று அந்தக் கம்பனிகளிடம் போய் இதைச் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. இனி அப்படி ஒரு வழக்கு வரும்போது, கொழுந்துக் கூடையின் பாரத்தைத் தன் தாயின் முதுகில் பார்த்து வளர்ந்த ஒரு சட்டத்தரணி எங்கள் பக்கத்தில் எழுந்து நிற்பது இவர்களுக்கு ஏன் உறுத்த வேண்டும்? இந்தக் கேள்விக்கு மட்டும், சுற்றி வளைக்காமல், பெயர் போட்டுப் பதில் எழுதட்டும்.