தேவ நகரத்தில் தெருச் சாப்பாடு

ஸயாம் தேசம் 1939-ம் ஆண்டில் தாய்லாந்து என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதன் தலைநகரத்தை நாம் பாங்காக் என்கிறோம். அந்நாட்டு ஜனங்களோ 'க்ருங் தேப்' என்கிறார்கள். தேவ நகரம் என்று பொருள். சாவ் ப்ரயா நதியின் கீழ்க்கரையில் 1782-ல் முதலாம் ராமா மன்னர் ஸ்தாபித்த இந்நகரில் பொற்கூரைக் கோயில்கள் உண்டு. தலைக்கு மேலே பறக்கும் மின்சார ரயில் உண்டு. ஸீலோம் சாலையில் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயிலைக் கண்டால் நமக்கு ஏற்படும் பெருமிதத்தைக் கேட்கவேண்டுமா?

ஆனால், தேவ நகரத்தில் மனிதர்களுக்கு நல்ல சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று கேட்டால், 'நடைபாதையில்' என்பதுதான் சரியான விடை.

தள்ளுவண்டியின் மேல் ஓர் உரல். அதில் பூண்டு, மிளகாய், எலுமிச்சம்பழம், வெல்லம் முதலியவற்றை இட்டு, சீவிய பச்சைப் பப்பாளிக் காயையும் சேர்த்து இடிக்கிறார் ஓர் அம்மாள். இதுதான் 'ஸோம் தாம்'. உறைப்பு, புளிப்பு, இனிப்பு, உப்பு நான்கும் ஒரே கவளத்தில் நம்மை வந்து தாக்குகின்றன. அடுத்த வண்டியில் எலுமிச்சம்புல்லும் பேரரத்தையும் இறாலும் கொதிக்கும் 'தோம் யாம்' ரசம். இந்த இறால் ரசத்தை ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ ஸ்தாபனம் 2024-ல் மனிதகுலத்தின் கலாசாரச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. நம் மிளகு ரசம் இதைக் கேட்டுப் பொறாமைப்படாமல் இருக்கவேண்டும்!

மரக்கறி உண்போருக்கு ஓர் எச்சரிக்கை. கறிகாய்ப் பதார்த்தத்திலும் மீன் சாறு கலந்திருக்கும். மஞ்சள் கொடியில் சிவப்பெழுத்தில் 'ஜே' என்று எழுதிய கடையை நாடினால் கவலையில்லை.

'பாத் தாய்' என்ற பதார்த்தத்தின் கதையோ அரசியல் சம்பந்தமானது. அரிசிச் சேவையைச் சட்டியில் வதக்கும் வித்தை சீனருடையது. பிரதம மந்திரி பிபூன் ஸாங்க்ராம் காலத்தில், தேசிய உணர்ச்சி பொங்கிய நாட்களில், சேவை உண்ணுமாறும் விற்குமாறும் சர்க்காரே ஜனங்களைத் தூண்டியது. புளியும் மீன் சாறும் நிலக்கடலையும் சேர, சீனச் சேவை தாய்லாந்தின் தேசிய உணவாகிவிட்டது. மிளகாயும் பப்பாளியுங்கூட அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவையே. வந்ததெல்லாம் அந்நியம் என்று தள்ளினால், தாய்லாந்துச் சமையலறை மட்டுமா காலியாகும்? நம் சாம்பாரிலும் காரம் மிஞ்சாது. பிறர் தந்ததைத் தன் ருசிக்கு இணக்கிக்கொள்வதும் தேசியந்தான்.

இவ்வளவு பெருமைக்கும் காரணமான தள்ளுவண்டிக்காரரின் நிலைமை என்ன? நடைபாதைகளை ஒழுங்கு செய்வதாகச் சொல்லி, நகர நிர்வாகம் 2017-ல் அவர்களை அகற்றுவதில் மும்முரம் காட்டிற்று. ஆட்சேபங்கள் கிளம்பியதும், வெளிநாட்டுப் பிரயாணிகள் கூடும் யாவராத், காவ் ஸான் தெருக்களில் கடைகள் நீடிக்கும் என்று சமாதானம் கூறப்பட்டது. நடப்பதற்கு வழி வேண்டும் என்பது நியாயமே. ஆனால் அடுப்பு வைக்க இடமில்லாத ஒற்றை அறையில் குடியிருந்து, விடியற்காலையில் வேலைக்கு ஓடும் தொழிலாளிக்கு அந்த வண்டியல்லவா சமையலறை? விருந்தாளி உண்ணும் தெருவைக் காத்து, வீட்டுக்காரன் உண்ணும் தெருவைத் துடைத்துவிடுவது என்ன உபசாரம்?

பாங்காக் செல்லும் நேயர்கள் அரண்மனையை அவசியம் பார்க்கட்டும். பிறகு ஏதேனும் ஒரு சந்து முனையில், ஊரார் கூடிநிற்கும் வண்டியருகே நின்று சாப்பிடட்டும். தேவ நகரத்தின் அமிர்தம் அங்கேதான் இருக்கிறது.