தள்ளிப்போன நாளும் தள்ளிப்போடக் கூடாத கடமையும்

ஓர் அலுவலகத்தின் நினைவாற்றல் எங்கே குடியிருக்கிறது என்று முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் கேட்டிருந்தால், எவரும் கோப்பறையைச் சுட்டிக் காட்டியிருப்பர். நாடாவால் கட்டிய கோப்புகளும் தன்பதிவேடும் அனுப்புகைப் பதிவேடும் அங்கேதான் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. இன்று அந்நினைவாற்றலின் பெரும்பகுதி மின்னஞ்சலில் இருக்கிறது. பல்கலைக்கழகச் சுற்றறிக்கை, அரசின் ஒப்புதல், மாணவரின் உதவித்தொகை விண்ணப்பம், பழைய மாணவர் அனுப்பிய நன்கொடை பற்றிய விவரம் ஆகிய யாவும் அஞ்சற்பெட்டிக்குள் அடங்கிவிட்டன. கோப்பறைக்குப் பூட்டும் சாவியும் காவலரும் உண்டு. மின்னஞ்சலுக்கு அத்தகைய காவல் இருக்கிறதா என்று நாம் கேட்பதில்லை. அதை மாற்ற வேண்டிய நாள் வரும்போதுதான் கேட்கிறோம்.

மாற்ற வேண்டிய நாள் வந்தே தீரும். மென்பொருளுக்கும் வாழ்நாள் உண்டு. உலகெங்கும் எண்ணற்ற நிறுவனங்கள் தம் சொந்தச் சர்வர்களில் வைத்திருந்த மைக்ரோசாப்ட் எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 ஆகிய இரு பதிப்புகளுக்கும் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு வழக்கமான ஆதரவு முடிவுற்றது. நம் நடுவணரசு ஊழியர் ஏறத்தாழ 12 இலட்சம் பேரின் மின்னஞ்சல், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ நிறுவனத்தின் தளத்துக்கு மாற்றப்பட்டதாக 2025இல் செய்திகள் வெளிவந்தன. ஆகவே, மாறலாமா என்பது இன்று வினாவே அன்று. எப்படி மாறுவது என்பதே வினா.

இத்தகைய மாற்றத்துக்கு நாள் குறிப்பார்கள். பின்னர் அந்த நாள் தள்ளிப்போகும். செய்தி வந்ததும் அலுவலகம் முழுவதும் பெருமூச்சு விடும். ஆயத்தக் குழு கூடுவது நின்றுபோகும். "இப்போதைக்குத் தொல்லை விட்டது" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். அந்தப் பெருமூச்சே ஆபத்தின் தொடக்கம் என்பது என் கருத்து.

ஒத்திவைப்பு விடுதலை அன்று

"ஒருமுறை தள்ளிப்போனது மறுமுறையும் தள்ளிப்போகும், இப்போதே ஏன் அலட்டிக்கொள்ள வேண்டும்?" என்பது பலரும் கூறும் வாதம். இதில் ஓரளவு உண்மையும் உண்டு. மின்னஞ்சலைத் திறக்கும்போதெல்லாம் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே அனுப்பும் பழைய முறையை, தன் இணையவழி அஞ்சல் சேவையில் 2020 அக்டோபரோடு நிறுத்திவிடுவதாக மைக்ரோசாப்ட் 2019 செப்டம்பரில் அறிவித்தது. கொரோனாப் பெருந்தொற்று வந்ததும் அக்கெடு 2021இன் பிற்பாதிக்குத் தள்ளிப்போனது. பிறகு மேலும் நீண்டு 2022 அக்டோபர் என்றாயிற்று. அப்போதும் ஆயத்தமாகாத நிறுவனங்களுக்கு அவ்வாண்டின் இறுதிவரை கடைசித் தவணை கிடைத்தது. நகலெடுக்கும் எந்திரங்கள் போன்றவை அஞ்சல் அனுப்பும் வழிக்கு மட்டும் விலக்கு அளித்து, அதற்குத் தனியே கெடு குறித்தார்கள், அதுவும் தள்ளிப்போனது.

இவ்வளவையும் கண்ட ஒருவர் "இது புலி வருது கதைதான்" என்று எண்ணியிருக்கலாம். ஆனால், கதையின் முடிவில் புலி வந்தது. 2023 சனவரியில் அந்தப் பழைய வாயில் நிலையாக அடைக்கப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்கு மேலாகக் கிடைத்த அவகாசத்தில் தம் கருவிகளைக் கணக்கெடுத்துச் சீர்செய்தவர்களுக்கு அந்நாள் மற்றொரு வேலைநாள். சும்மா இருந்தவர்களுக்கோ முதல் அறிவிப்பு வந்த நாளில் இருந்த அதே திகைப்புத்தான். தவணை நீண்டதால் கடன் குறைந்துவிடவில்லை.

காலம் மட்டும் போதாது

நாள் கூடுதலாகக் கிடைத்தால் பணி தானே செம்மையாகும் என்று நம்புவதும் பிழையே. இங்கிலாந்தின் டி.எஸ்.பி. வங்கியின் கதை இதற்குச் சான்று. அது மின்னஞ்சல் மாற்றம் அன்று. வங்கிக் கணக்குகளையே புதிய கணினித் தளத்துக்குக் கொண்டுசென்ற பெரும்பணி. எனினும் பாடம் ஒன்றே. 2017 நவம்பரில் நடக்கவிருந்த மாற்றம் 2018 ஏப்ரலுக்கு ஒத்திவைக்கப்பட்டது. ஐந்து மாதம் கூடுதலாகக் கிடைத்தும், மாற்றம் நிகழ்ந்தவுடன் கிளைகளும் இணைய சேவையும் தடுமாறின. வாடிக்கையாளர் பலர் தம் பணத்தைத் தாமே எடுக்க இயலாமல் தவித்தனர். முழுமையாகச் சீராக அவ்வாண்டு டிசம்பர் வரை ஆயிற்று. 2022 டிசம்பரில் ஒழுங்குமுறை அமைப்புகள் அவ்வங்கிக்கு 4 கோடியே 86 இலட்சத்து 50 ஆயிரம் பவுண்டு அபராதம் விதித்தன.

ஏன் இப்படி நேர்ந்தது? வங்கியே அமர்த்திய வழக்குரைஞர் குழு ஆய்ந்து 2019இல் வெளியிட்ட அறிக்கையில் இரு குறைகள் கவனத்துக்குரியவை. முடிவு நாளை முதலில் குறித்துக்கொண்டு, அதற்கு ஏற்றாற்போல் பணிகளைப் பின்னோக்கித் திணித்தார்கள் என்பது ஒன்று. இரண்டு தரவு மையங்களில் ஒன்றை மட்டுமே சோதித்துவிட்டுச் சோதனை முடிந்ததாகக் கொண்டார்கள் என்பது மற்றொன்று. அவகாசம் கிடைத்தது; அந்த அவகாசத்தில் எதைச் செய்து முடிப்பது என்னும் வினா உரியவாறு எழுப்பப்படவில்லை.

மாறாக, ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு 40,000க்கும் மேற்பட்ட அஞ்சற்பெட்டிகளை, 10 கோடிக்கும் மிகுதியான அஞ்சல்களோடும் நாட்காட்டிக் குறிப்புகளோடும், ஏறத்தாழ ஆறு மாதத்தில் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றி, 2025 அக்டோபரில் பணி நிறைவுற்றதாக அறிவித்தது. அப்பணியும் மாசுமறுவற்றதன்று, ஊழியர் முறையீடுகளும் எழுந்தன. ஆயினும் இத்துணைப் பெரிய மூட்டையையும் சுமந்து மறுகரை சேர முடியும் என்பதை அது மெய்ப்பித்தது.

தாமதம் செய்யும் சேதம்

தாமதம் தன்னளவில் சில சேதங்களையும் செய்கிறது. முதலாவது, மறதி. மூன்று மாதத்துக்கு முன் ஊழியர்க்கு அளித்த பயிற்சி, புதிய மென்பொருளைத் தொடாமலே இருந்தால் ஆவியாகிவிடும். இரண்டாவது, பழைய நகல். புதிய தளத்துக்கு முன்கூட்டியே எடுத்துவைத்த அஞ்சல்கள் அந்த நாளோடு நின்றுவிடுகின்றன. பழைய பெட்டியிலோ நாள்தோறும் புது அஞ்சல் வந்து சேர்கிறது. இடைப்பட்ட வேறுபாட்டை மீண்டும் ஒப்பிட்டு நிரப்பாவிட்டால், அந்த மாதங்களின் கடிதங்கள் இரு தளங்களுக்கும் நடுவே காணாமற்போகும். மூன்றாவது, ஆள்மாற்றம். எந்தக் குழு முகவரிக்கு யார் பொறுப்பு, தானியங்கி அஞ்சல் எங்கிருந்து புறப்படுகிறது என்பன ஓரிருவர் நெஞ்சில் மட்டுமே இருக்கும். அவர் ஓய்வுபெற்றால் அறிவும் ஓய்வுபெறும்.

நான்காவது சேதம் கொடியது. "உங்கள் அஞ்சற்பெட்டி புதிய தளத்துக்கு மாறுகிறது, இங்கே அழுத்திக் கடவுச்சொல்லை உறுதிசெய்க" என்னும் போலி அஞ்சல் மோசடிக்காரர்களின் பழைய தூண்டில். மாற்றம் வரவிருக்கிறது என்று எல்லாரும் அறிந்திருக்கும் காலத்தில் அத்தூண்டிலில் சிக்குவது எளிது. ஒத்திவைப்பு நீள நீள அந்த ஆபத்தான பருவமும் நீள்கிறது. மாற்றத்தின் பொருட்டு எவரும் எப்போதும் கடவுச்சொல்லைக் கேட்கமாட்டார் என்பதை முதல்வரோ செயலரோ தம் கையொப்பத்தோடு அறிவித்தல் வேண்டும்.

செய்ய வேண்டுவன

ஒரு கல்லூரி அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். கிடைத்த அவகாசத்தில் அது செய்யத்தக்கவை யாவை? முதற்பணி கணக்கெடுப்பு. தனியாள் பெட்டிகள் எத்தனை, பொதுப்பெட்டிகள் எத்தனை, ஓய்வுபெற்றோரின் பெயரில் இன்னும் அஞ்சல் பெற்றுக்கொண்டிருக்கும் பெட்டிகள் எத்தனை என்று பட்டியல் எழுத வேண்டும். ஒரே ஒரு கணிப்பொறியின் வன்தட்டில் மட்டும் இறக்கி வைக்கப்பட்டிருக்கும் பழைய அஞ்சல்களையும் தேடிப்பிடிக்க வேண்டும். மைய சர்வரை மட்டும் பெயர்த்தால் அவை பின்தங்கிவிடும். அஞ்சல் அனுப்பும் நகல் எந்திரம், கட்டண ரசீது அனுப்பும் மென்பொருள் ஆகியனவும் பட்டியலில் இடம்பெற வேண்டும்.

அடுத்தது ஒத்திகை. அலுவலகத்தில் கணினி நன்கறிந்த இளைஞர் ஒருவரையும், கணினி என்றாலே தயங்கும் மூத்த எழுத்தர் ஒருவரையும் முதலில் மாற்றிப் பார்க்க வேண்டும். பின்னவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கேதான் பயிற்சி தேவை. காப்புநகல் எடுத்தால் மட்டும் போதாது. அந்நகலிலிருந்து ஒரு பெட்டியையேனும் மீட்டுக் காட்ட வேண்டும். கல்லூரிக்கு வரும் அஞ்சல் எந்தச் சர்வருக்குச் செல்ல வேண்டும் என்னும் குறிப்பு இணையத்தின் முகவரிப் பதிவில் இருக்கிறது. அக்குறிப்பைப் பிற சர்வர்கள் குறிப்பிட்ட நேரம் நினைவில் வைத்துக்கொள்ளும். அந்நேரத்தை மாற்றத்துக்குச் சில நாள் முன்னரே குறைத்து வைத்தால், மாற்ற நாளில் அஞ்சல்கள் பழைய வாசலில் போய் நிற்பதைத் தவிர்க்கலாம். தேர்வுக் காலமும் சேர்க்கைக் காலமும் அல்லாத நாளையே குறிக்க வேண்டும். பயிற்சியை அந்நாளுக்கு முந்தின வாரத்தில் மீண்டும் அளிக்க வேண்டும்.

நாள் அறிவிப்பதிலும் ஒரு நேர்மை வேண்டும். "இந்த மாதம், அடுத்த மாதம்" என்று பன்முறை கூறி ஊழியரின் நம்பிக்கையை இழப்பதைவிட, "இன்னின்ன சோதனைகள் தேறிய பின்னரே நாள் குறிப்போம், இவை தேறின, இவை தேறவில்லை" என்று வெளிப்படையாகச் சொல்வது மேலானது.

தமிழுக்குரிய கவலை

தமிழ்த்துறை இதைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலர் கேட்கலாம். காரணம் உண்டு. ஒருங்குறி பரவுவதற்கு முன் நாம் பல்வேறு எழுத்துருக்களில், பல்வேறு குறியாக்கங்களில் தமிழைத் தட்டச்சுச் செய்தோம். 1999இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் ஆகிய குறியாக்கங்களை ஏற்றது. இணையத் தமிழர் பலர் திஸ்கியில் எழுதினர். 2010இல்தான் அரசு ஒருங்குறியையும் டேஸ்-16ஐயும் ஏற்றது. அதன் பின்னரும் அலுவலகங்கள் பலவற்றில் பழைய எழுத்துருக்களே வழக்கில் இருந்தன. அக்கால அஞ்சல்களும் இணைப்புகளும் உரிய எழுத்துரு இல்லாத புதிய கணிப்பொறியில் வெறும் ரோமன் எழுத்துக் குப்பையாகவே தோன்றும். மாற்றும் பணியாளர் அதனைப் பழுதுற்ற கோப்பு என்று எண்ணி நீக்கிவிடவும் கூடும். எந்திரத்தின் கணக்கில் அஞ்சல் பத்திரமாக வந்து சேர்ந்திருக்கும். படிப்பவரின் கணக்கில் அது தொலைந்திருக்கும்.

ஆகவே, மூலத்தை மூலமாகவே காத்து, அதன் படியை ஒருங்குறிக்கு மாற்றி, தமிழ் அறிந்த ஒருவர் கண்ணால் படித்துச் சரிபார்த்தல் வேண்டும். இதனை வெளியார் எவரும் நமக்காகச் செய்யமாட்டார். ஒத்திவைக்கப்பட்ட மாதங்களில் தமிழ்த்துறை மாணவர்கள், அந்தரங்கமல்லாத பழைய சுற்றறிக்கைகளையும் கருத்தரங்க மடல்களையும் மலர்க் கட்டுரைகளையும் ஆசிரியர் மேற்பார்வையில் இவ்வாறு மீட்கலாம். பனையோலையிலிருந்து தாளுக்குத் தமிழைக் கொண்டுவந்த பெரியோரின் தொண்டுக்கு இது சிறியதொரு தொடர்ச்சியே.

அமானிதம்

யூசுப் (அலை) அவர்களின் வரலாறு நாம் அனைவரும் அறிந்தது. எகிப்தில் வளமான ஏழாண்டுகள் வரும். அவற்றைத் தொடர்ந்து பஞ்சம் வரும் என்று அறிந்ததும், அந்த வளத்தை உண்டு களிக்கும் காலமாக அவர்கள் கொள்ளவில்லை. தானியத்தைக் கதிரோடு சேமிக்க வழிகாட்டினார்கள். களஞ்சியப் பொறுப்பைத் தாமே கேட்டுப் பெற்றார்கள். அவகாசம் என்பது சேமிப்புக்குரிய காலம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேறில்லை. பொறுப்பாளர் ஒருவர் இல்லாமல் அச்சேமிப்பு நிகழ்ந்திருக்காது என்பதும் நோக்கத்தக்கது. நம் நிறுவனங்களிலும் இப்பணிக்குப் பெயர் குறிப்பிட்டு ஒருவரைப் பொறுப்பாக்கி, அவருக்கு வேண்டிய நேரத்தையும் அதிகாரத்தையும் நிருவாகம் அளித்தல் வேண்டும். எல்லாருக்கும் பொதுவான பொறுப்பு எவருக்கும் உரியதாகாமல் போவதை நாம் பலகால் கண்டிருக்கிறோம்.

ஏழை மாணவர் ஒருவர் உதவித்தொகைக்கு எழுதிய மடலும், மறைந்த ஆசிரியர் ஒருவர் தம் துறைக்காக வாதாடி எழுதிய கடிதமும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவற்றை எழுதியவர்கள் எந்த மென்பொருள் என்று பார்த்து எழுதவில்லை. நம்மை நம்பி எழுதினார்கள். நாள் தள்ளிப்போயிற்று என்றால், அவ்வமானிதத்தைச் சேதமின்றி மறுகரை சேர்க்க இறைவன் இன்னும் சில நாள் தந்திருக்கிறான் என்று கொள்வோம். அந்நாட்களை வீணாக்காமல் பணியாற்ற வல்ல அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக.