அறுவை சிகிச்சைக்கு முன் இதயப் பரிசோதனை: யாருக்குத் தேவை, எதற்காகத் தேவை?

அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டவுடன், இதய மருத்துவரிடம் ‘ஃபிட்னஸ்’ பெற்று வருமாறு நோயாளியிடம் கூறுவது பல மருத்துவமனைகளில் வழக்கமாக உள்ளது. ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் எனப் பரிசோதனைகளின் பட்டியல் நீள்கிறது. பரிசோதனைகள் கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று குடும்பத்தினர் கருதுவது இயல்பே. ஆனால் அண்மைக்கால மருத்துவ வழிகாட்டுதல்கள் அவ்வாறு கூறவில்லை.

2024 செப்டம்பரில் அமெரிக்க இதயச் சங்கமும் அமெரிக்க இதயவியல் கல்லூரியும் இணைந்து, 2014ஆம் ஆண்டின் வழிகாட்டுதலைப் புதுப்பித்து வெளியிட்டன. இதய நோய் அறிகுறிகள் இன்றி, ஆபத்து குறைந்த அறுவை சிகிச்சைக்குச் செல்பவர்களுக்கு எக்கோ, டிரெட்மில் போன்றவற்றை வழக்கமாகச் செய்ய வேண்டியதில்லை என்பது அதன் நிலைப்பாடு.

‘ஃபிட்னஸ்’ என்பதன் பொருள்

இது ஆபத்தே இல்லை என்று வழங்கப்படும் உத்தரவாதம் அன்று. அறுவை சிகிச்சையின் தன்மை, நோயாளியின் இதய நிலை, அன்றாடச் செயல்திறன் ஆகிய மூன்றையும் வைத்துச் செய்யப்படும் மதிப்பீடே ஆகும். இரண்டு மாடிப் படிகளை நிற்காமல் ஏற முடிகிறதா என்ற எளிய கேள்வி இம்மதிப்பீட்டில் முக்கிய இடம் பெறுகிறது. ஏற முடியவில்லை எனில், தடுப்பது மூச்சிரைப்பா, மார்பு வலியா, மூட்டு வலியா என்பதைத் தெளிவாகக் கூறுங்கள். மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களுக்கு இவ்வேறுபாடு மிகவும் முக்கியமானது.

தேவையற்ற பரிசோதனையால் தீங்கு உண்டா?

உண்டு. அறிகுறி இல்லாதவருக்குச் செய்யப்படும் பரிசோதனையில் ஐயத்திற்குரிய முடிவு வந்தால், அடுத்து ஆஞ்சியோகிராம், அதன்பின் ஸ்டென்ட் என்று சிகிச்சை நீளலாம். ஸ்டென்ட் பொருத்திய பின், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரைகளைத் தொடர வேண்டியிருப்பதால், முதலில் திட்டமிட்ட அறுவை சிகிச்சை மாதக்கணக்கில் தள்ளிப்போகலாம். புற்றுநோய்க் கட்டியை அகற்றக் காத்திருப்பவருக்கு இத்தாமதமே பெரிய ஆபத்தாகக்கூடும்.

2004இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று இதை விளக்குகிறது. இதய இரத்தக் குழாய்களில் அடைப்பு இருந்தும் நிலையான உடல்நிலையில் இருந்த 510 பேர் அதில் பங்கேற்றனர். அவர்களுக்குப் பிற இரத்தக் குழாய்களில் பெரிய அறுவை சிகிச்சை திட்டமிடப்பட்டிருந்தது. ஒரு பிரிவினருக்கு முன்கூட்டியே ஸ்டென்ட் அல்லது பைபாஸ் சிகிச்சை அளிக்கப்பட்டது. சுமார் இரண்டே முக்கால் ஆண்டுகளுக்குப் பின் இறப்பு விகிதம் அப்பிரிவில் 22 விழுக்காடு, மற்றதில் 23 விழுக்காடு. குறிப்பிடத்தக்க பயன் இல்லை. ஆனால் அறுவை சிகிச்சைக்கான காத்திருப்பு 18 நாள்களிலிருந்து 54 நாள்களாக உயர்ந்தது.

யாருக்குக் கூடுதல் மதிப்பீடு தேவை?

• புதிதாகவோ அதிகரித்தோ வரும் மார்பு வலி, மூச்சிரைப்பு, மயக்கம், கால் வீக்கம் உள்ளவர்கள்
• முன்பு மாரடைப்பு, இதயச் செயலிழப்பு அல்லது பக்கவாதம் ஏற்பட்டவர்கள்
• இதய வால்வு நோய் உள்ளவர்கள்
• இன்சுலின் செலுத்திக்கொள்ளும் நீரிழிவு நோயாளிகள், சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்கள்
• வயிறு, மார்பு அல்லது பெரிய இரத்தக் குழாய்களில் பெரிய அறுவை சிகிச்சை செய்துகொள்பவர்கள்

ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர்கள் அதன் தேதியையும் காரணத்தையும் தவறாமல் தெரிவிக்க வேண்டும். மருந்து பூசப்பட்ட ஸ்டென்ட் எனில், அவசரமற்ற அறுவை சிகிச்சையைப் பொதுவாக 6 மாதங்களும், மாரடைப்புக்காகப் பொருத்தப்பட்டிருந்தால் 12 மாதங்களும் தள்ளிவைப்பது நல்லது எனப் பரிந்துரைக்கப்படுகிறது.

மாத்திரைகளில் கவனம்

ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்றவற்றை நீங்களாகவே நிறுத்தாதீர்கள். நிறுத்த வேண்டுமா, எந்த நாளில் என்பதை இதய மருத்துவரும் அறுவை சிகிச்சை நிபுணரும் இணைந்து முடிவு செய்வர். பீட்டா பிளாக்கர் மாத்திரைகளை ஏற்கெனவே உட்கொள்பவர்கள் பொதுவாகத் தொடர வேண்டும். ஆனால் அறுவை சிகிச்சை நாளன்று அவற்றைப் புதிதாகத் தொடங்குவது தீங்கானது. 8,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற 2008ஆம் ஆண்டு ஆய்வில், அவ்வாறு தொடங்கியவர்களிடம் மாரடைப்பு குறைந்தாலும் பக்கவாதமும் இறப்பும் அதிகரித்தன. நீரிழிவுக்காக டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் உட்கொள்பவர்கள் அதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். இவை பொதுவாக 3 நாள்களுக்கு முன்பே நிறுத்தப்படுகின்றன.

மருத்துவரிடம் கேளுங்கள்

1. இப்பரிசோதனையின் முடிவு என் சிகிச்சையில் எந்த மாற்றத்தைக் கொண்டுவரும்?
2. இதற்காக அறுவை சிகிச்சை தள்ளிப்போனால், அதனால் எனக்கு என்ன பாதிப்பு?
3. எந்தெந்த மாத்திரைகளை எந்த நாள் வரை உட்கொள்ள வேண்டும்?

முதல் கேள்விக்குத் தெளிவான பதில் கிடைத்தால் அப்பரிசோதனை உங்களுக்குப் பயன்படும். இப்பக்கத்தை மட்டும் நம்பி எந்தப் பரிசோதனையையும் மறுக்க வேண்டாம். பழைய ஈசிஜி, எக்கோ அறிக்கைகள், மருத்துவமனை விடுப்புச் சீட்டு, மாத்திரைப் பட்டியல் ஆகியவற்றை உடன் எடுத்துச் செல்லுங்கள். காத்திருக்கும் நாள்களில் மார்பு வலியோ திடீர் மூச்சுத் திணறலோ ஏற்பட்டால், அறுவை சிகிச்சை நாள் வரை பொறுத்திராமல் உடனடியாக அவசர சிகிச்சைப் பிரிவை அணுகவும்.